நாலு மணி மெயில்

கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி இருந்தது. கட்டம் சார் செய்த தப்பு அவ்வளவுதான். இதையே வேறு யாராவது செய்திருந்தால் அவர் அரை நாள் உட்கார்ந்து சிரித்திருப்பார்.

அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை அது. கீழே இரண்டு கூடங்களில் நானூறு பேர். இரும்புப் படி ஏறினால் கூடங்களைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு மேசை, ஒரு கணினி, காற்றைவிட அதிகமாகச் சத்தம் தரும் ஒரு மின்விசிறி, பிறகு கட்டம் சார். எதைக் கொடுத்தாலும் கட்டம் போட்டு வரிசையும் பத்தியுமாகத் திருப்பித் தந்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர். படியில் போகிறவர்கள் "என் கட்டம் எப்படி சார் இருக்கு?" என்று கேட்பார்கள். "ரெண்டாவது வரிசையில யாரோ குறுக்க நிக்கிறாங்க, நகர்ந்ததும் சொல்றேன்" என்பார். ஒன்பது வருடமாக இதே கேள்வி, இதே பதில், இருவரும் சிரிப்பார்கள். அந்தக் கட்டடத்தில் அவருக்கு இருந்த மரியாதை மொத்தமும் அதுதான்.

தினமும் அவர் இரண்டு மெயில் அனுப்ப வேண்டும். ஒன்று, நாளைக்கான உற்பத்தித் திட்டம். இன்னொன்று, நேற்றைய விபத்து அறிக்கை. திட்டத்தை எல்லோரும் படிப்பார்கள், அதில் வேலை இருக்கிறது. விபத்து அறிக்கையை யாரும் திறந்ததில்லை. ஒருமுறை அதன் கடைசி வரியில் "இதைப் படிப்பவருக்கு என் செலவில் டீ" என்று எழுதி மூன்று மாதம் அனுப்பிப் பார்த்தார். அவருக்கு ஒரு டீகூடச் செலவாகவில்லை.

புது மென்பொருள் வந்தது. நேரத்தைச் சொல்லிவிட்டால் போதும், அதுவே தரவை எடுத்துக் கட்டம் கட்டி, கோப்பாக மெயிலில் ஒட்டி அனுப்பிவிடும். திங்கட்கிழமை மதியம் கட்டம் சார் திட்ட மெயிலுக்கான ஏற்பாட்டை முதலில் செய்து முடித்தார். விபத்து அறிக்கைக்கு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தட்ட அலுப்பாக இருந்தது. திட்டத்தின் ஏற்பாட்டை அப்படியே நகல் எடுத்தார், தலைப்பை மாற்றினார், தரவு எடுக்கும் இடத்தை மாற்றினார், சேமித்தார். தேதியை மாற்றவில்லை. 'இன்று கூட்டல் ஒன்று' என்று இருந்ததை 'இன்று கழித்தல் ஒன்று' ஆக்கியிருக்க வேண்டும். நாளை நடக்கப்போகும் விபத்துகளைக் கேட்டு ஓர் அறிக்கை பதினொரு பேருக்குக் கிளம்பியது. மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது, அவருடைய கவனம் அதில்தான் இருந்தது.

வெறும் கட்டம்தான் போயிருக்க வேண்டும். நாளைய தரவு எந்தக் கணினியில் இருக்கும்?

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபத்திரண்டுக்கு அந்த மெயிலுக்குப் பதில் வந்தது. கூடத்து மேஸ்திரியிடமிருந்து, ஒரே சொல்.

"முடிந்தது."

ஒன்பது வருடத்தில் முதல் பதில். கட்டம் சாருக்கு உச்சி குளிர்ந்துபோனது. எது முடிந்தது என்பது அப்புறம். ஒருவர் திறந்திருக்கிறார், படித்திருக்கிறார். அந்தப் பெருமையோடு, தான் அனுப்பியதைத் தானும் ஒருமுறை பார்ப்போமே என்று கோப்பைத் திறந்தார். ஒரே ஒரு வரிசை. செவ்வாய், காலை 11.20, இரண்டாம் கூடம், மூன்றாவது பஞ்சிங் மிஷின், ஊழியர் எண் 218, இடது கை மோதிர விரல், இரண்டாவது கணு வரை.

அனுப்பிய நேரத்தைப் பார்த்தார். திங்கள், மாலை 4.00.

கீழே பஞ்சிங் மிஷின்களின் 'தடக், தடக்' சத்தத்தில் ஒரு தாளம் குறைந்திருப்பது அப்போதுதான் காதில் உறைத்தது. மூன்றாவது மிஷின் நின்றிருந்தது. சூடான அட்டையின் வாசனையும் பசைக்காகக் காய்ச்சும் மாவின் புளித்த வாசனையும் எப்போதும்போல் படியேறி வந்தன. அவற்றுக்கு அடியில் ஈர இரும்பை நாக்கில் வைத்ததுபோல் இன்னொன்றும் வந்தது.

முதலுதவி அறையில் அந்தப் பெண் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கைக்குக் கீழே வைத்திருந்த தட்டில் இரத்தம் ஒழுகும் குழாயைப்போலச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. நர்ஸம்மா பஞ்சை அழுத்தியபடி, வெளியே வெயில் எப்படி, மழை வருமா என்று கட்டம் சாரிடம் விசாரித்தார். எப்படி நடந்தது என்று இரண்டு தடவை கேட்ட பிறகு, "நல்லவேளை சார், மோதிரத்தை இன்னிக்கு வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வந்திருக்கா" என்று மட்டும் சொன்னார்.

மேலே ஓடிவந்து மூலத் தரவைத் தோண்டினார். அந்த விபத்தைப் பாதுகாப்பு அதிகாரி பதிவு செய்த நேரம் செவ்வாய் காலை 11.31. மெயில் போனது முந்தின நாள் மாலை. சொல்லுக்குச் சொல் ஒன்று. இப்படி ஒரு சிக்கல் வந்தால் கட்டம் சார் முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான், அனுபவம் அப்படி. தேடினார், கூட்டல் குறியைக் கண்டுபிடித்தார், தலையில் அடித்துக்கொண்டார், கழித்தல் ஆக்கினார், சேமித்தார், மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

நாலு மணிக்கு மெயில் வந்தது. புதன், பிற்பகல் 2.05, சரக்கு முற்றம், ஃபோர்க்லிஃப்ட், ஊழியர் எண் 77, இடது பாதம், கட்டை விரல் நீங்கலாக நான்கு விரல்கள்.

கழித்தல் குறி போட்டது போட்டபடி இருந்தது. மூலத் தரவில் நாளைய தேதியில் ஒரு வரிகூட இல்லை. இல்லாத இடத்திலிருந்து ஒன்றை எடுத்து, அழகாகக் கட்டம் கட்டி, தலைப்புக்கு நீலநிறம் பூசி, அவர் பெயரிலேயே அனுப்பியிருந்தது.

பாதுகாப்பு அதிகாரியைப் போனில் பிடித்தார். தான் சொல்லப்போவது தனக்கே கிறுக்குத்தனமாகப் படவே, சுற்றி வளைத்து, இருமி, கடைசியில் அந்த மெயிலைப் பார்த்தீர்களா என்றார். பார்த்தேன் என்றார் அவர். 77-ஆம் எண்காரருக்கு நாளை ஏதாவது ஆகிவிடப் போகிறது என்றார் இவர். "அதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு, நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்று பதில் வந்தது. கட்டம் சார் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். அந்த மனுஷரைக் கஞ்சப்பயல் என்று போன மாதம் திட்டியதற்கு மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

புதன்கிழமை இரண்டு ஐந்துக்கு முற்றத்தில் ஒரு மனிதன் கத்தினான். ஒரே கத்தல், பிறகு மூச்சு வாங்கும் சத்தம், பிறகு ஃபோர்க்லிஃப்ட் பின்னால் நகரும்போது அடிக்கும் 'பீப், பீப், பீப்'. கட்டம் சார் போய்ச் சேர்ந்தபோது டயரின் வரிகள் சிமெண்ட் தரையில் சிவப்பாகப் பதிந்திருந்தன. நாலு விரலும் தோலோடு ஒட்டி, தட்டையாக, நசுங்கிய பழம்போலத் தரையில் கிடந்தன. கட்டை விரல் மட்டும் அப்படியே இருந்தது, நகத்தில் கீறல்கூட இல்லை. ஃபோர்க்லிஃப்ட்காரர் இறங்கி வந்து, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் தையல்காரரைப்போலக் குனிந்து பார்த்தார்.

விழுந்து கிடந்தவனின் வலது காலில் கனத்த பாதுகாப்பு ஷூ இருந்தது. இடது கால் வெறுங்கால். கழுவி, துடைத்து, சுத்தமாக இருந்த வெறுங்கால். இடது ஷூவும் அதற்குள் மடித்து வைத்த காலுறையும் கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக, மிதிபடாத இடத்தில் இருந்தன.

இரண்டு ஏழுக்குப் பதில் வந்தது. "முடிந்தது."

அன்று கட்டம் சார் அந்த ஏற்பாட்டையே அழித்தார். அழித்ததை உறுதி செய்யவா என்று மென்பொருள் கேட்டது, ஆம் என்றார். குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கினார். கணினியின் வயரைப் பிடுங்கினார். நாலு மணிக்குச் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வியாழன், காலை 10.40, முதல் கூடம், நெளிவு போடும் உருளை, ஊழியர் எண் 305, தலைமுடி தோலோடு, இடது காதுக்கு மேல்.

இந்தத் தடவை நேரே மேஸ்திரியிடம் போனார். இருபத்திரண்டு வருடம் அந்தக் கூடங்களிலேயே நரைத்தவர் மேஸ்திரி. குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நாற்காலி போடுகிறவர். அவர் கட்டம் சாரின் தோளைத் தொட்டு, "கவலைப்படாதீங்க சார், நான் அந்தப் பொண்ணு பக்கத்துலயே நிப்பேன்" என்றார்.

நின்றார்.

மறுநாள் பத்தரையிலிருந்து கட்டம் சார் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மெல்ல அதிர்ந்தது, அந்த அதிர்வு பல்லுக்குள் வந்தது. கீழே ஆளுயர உருளைகள் இரண்டு, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், காகிதத்தை விழுங்கி நெளிவாகத் துப்பிக்கொண்டிருந்தன. நீராவி பொங்கிப் பொங்கி அடங்கியது. ஆவிக்குள் மேஸ்திரி தெரிந்தார், அவர் பக்கத்தில் அந்தப் பெண். மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் தலையில் இருந்த தொப்பியை எடுத்தார். கொண்டையில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, தொலைந்துவிடாமல் அவளுடைய உள்ளங்கையிலேயே வைத்தார். பெற்ற தாய்கூட அத்தனை பொறுமையாகச் சிக்கெடுக்கமாட்டாள். இடது பக்கத்து முடியை மட்டும் பிரித்து, கையில் ஒரு சுற்றுச் சுற்றி, உருளைகளுக்கு நடுவில் ஊட்டுவதுபோல நீட்டினார்.

தலை பக்கவாட்டில் வெடுக்கென்று போனது. அட்டை கிழியும் சத்தம்போல ஒன்று, அதைவிட ஈரமாக. கட்டம் சார் படியில் பாதி உருண்டு, பாதி ஓடி இறங்கியபோது உருளை நின்றிருந்தது. சரியான நேரத்துக்கு மேஸ்திரியே சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தார். அவள் தரையில் மண்டியிட்டிருந்தாள். இடது காதுக்கு மேல், உள்ளங்கை அகலத்துக்கு, எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. உருளையில் ஒட்டியிருந்தது வெந்துகொண்டிருந்தது. முடி கருகும் நாற்றம். ஊசிகள் அவள் கையிலேயே பத்திரமாக இருந்தன.

அக்கம்பக்கத்து மிஷின் ஒன்றுகூட நிற்கவில்லை.

மேலே வந்து அந்த மெயிலைக் கட்டம் சார் முதல் தடவையாக முழுசாகப் படித்தார். கோப்பை அல்ல, அதற்கு மேலே இருந்த இரண்டு வரிக் கடிதத்தை. எழுதியவர்கள் தாங்கள் எழுதிய கடிதத்தைப் படிப்பதில்லை. திட்ட மெயிலை நகல் எடுத்தபோது அதன் கடிதமும் கூடவே வந்திருந்தது. "இணைப்பில் உள்ளபடி நாளை செயல்படுத்தவும். முடிந்ததும் பதில் அனுப்பவும்."

அந்த இரண்டு வரியையே திரும்பத் திரும்பப் படித்தார். நாலு மணி ஆகிவிட்டது. போன் அதிர்ந்தது.

வெள்ளி, காலை 11.45, இரண்டாம் கூடம், பெரிய பஞ்சிங் மிஷின், ஊழியர் எண் 391, வலது கை, முழங்கை வரை.

391 யார் என்று தேடத் தேவையில்லை. அந்த எண்ணுக்கான படிவத்தை எட்டு மாதம் முன்பு இதே மேசையில் நிரப்பியவர் அவர்தான். மனைவியின் தம்பி. வேலை வெட்டி இல்லாமல் சுற்றுகிறான் என்று மனைவி மூக்கைச் சிந்தியபோது, மேலாளரின் கையைக் காலைப் பிடித்து உள்ளே நுழைத்ததும் அவர்தான். மாமாவின் வழுக்கையைப் பற்றி வாரத்துக்கு ஒரு புது ஜோக் சொல்கிற மச்சினன். கட்டம் சாரின் ஆறு வயது மகள் சாயங்காலம் ஆனால் வாசலிலேயே அவனுக்காகக் காத்திருப்பாள். அவன் வலது கையை நீட்டினால் அதில் தொங்கிக்கொண்டு அடுப்படி வரை ஊஞ்சலாடியே வருவாள்.

பதினொரு பேருக்கும் எழுதினார். முந்தைய மெயில்கள் தவறுதலாக அனுப்பப்பட்டவை, கடிதம் வேறொன்றின் நகல், எதையும் செயல்படுத்த வேண்டாம், மன்னிக்கவும், மன்னிக்கவும். இரண்டு தடவை மன்னிக்கவும் போட்டார். ஐந்தாவது நிமிடம் பாதுகாப்பு அதிகாரி பதில் போட்டார். திருத்தம் கிடைத்தது, நன்றி. நாலு மணிக்கு வெளியான திட்டத்தை அதன் பிறகு மாற்றுவதில்லை என்பது விதி; எனவே திருத்தம் நாளை மறுநாளிலிருந்து அமலாகும்.

அந்த விதியைப் போட்டதும் கட்டம் சார்தான். திட்டத்தை மாற்று மாற்று என்று ஆளாளுக்குப் போன் செய்து உயிரை வாங்குகிறார்கள் என்று, நாலு வருடம் முன்பு, மேலாளரிடம் சண்டை போட்டு வாங்கிய விதி.

வீட்டுக்கு வந்தபோது மகள் மச்சினன் கையில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட நிறையச் சுற்று. போதும், மாமாவுக்குக் கை வலிக்கும் என்று மனைவி அதட்டினாள். "இருக்கட்டும்க்கா, இன்னிக்கு எவ்வளவு வேணும்னாலும் ஆடட்டும்" என்றான் மச்சினன்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். கட்டம் சார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. நாளை லீவு போட்டுவிடு, வயிற்றுவலி என்று சொல்லிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபடி நிமிர்ந்தவரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

மச்சினன் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சோறு விரலிடுக்கில் வழிந்தது. பாதி தட்டிலேயே விழுந்தது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுதப் பழகும் குழந்தைபோல, மறுபடி மறுபடி அள்ளினான். வலது கை மடியில் சும்மா கிடந்தது. அதற்கு ஓய்வு கொடுத்துவிட்ட மாதிரி.

"என்னடா மாப்ள இது?"

"சும்மா ஒரு பழக்கத்துக்கு மாமா." சிரித்தான். "உங்க தலைமுடி மாதிரி திடீர்னு போனா கஷ்டம் பாருங்க."

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மகளும் இடது கையால் சாப்பிட ஆரம்பித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவனைத் தனியாக மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டார். மெயில் உனக்கு எப்படித் தெரியும் என்றார். எல்லாருக்கும் தெரியும், நாலு மணிக்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார்கள் என்றான். பயமாக இல்லையா என்றார். கொட்டாவி விட்டான். போகாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வலது கை வெதுவெதுப்பாக, நரம்பு துடிக்க, உயிரோடு இருந்தது. ஏன் எல்லோரும் இதற்குத் தலையாட்டுகிறீர்கள் என்று கேட்டார். அதற்கு அவன் வழுக்கையைப் பற்றி இன்னொரு ஜோக் சொன்னான். நல்ல ஜோக். வேறொரு நாளாக இருந்தால் கட்டம் சாரே அதை நாலு பேரிடம் சொல்லியிருப்பார்.

அவன் அறையை வெளியே பூட்டிவிட்டுத்தான் படுத்தார். காலையில் பூட்டு பூட்டியபடி இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. முதல் பஸ்ஸிலேயே போய்விட்டான் என்று பால்காரர் சொன்னார்.

போலீசுக்குப் போன் செய்தார். என்ன நடந்தது என்றார்கள். இன்னும் நடக்கவில்லை, பதினொன்றே முக்காலுக்கு நடக்கும் என்றார். நடந்ததும் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார்கள். மேலாளரிடம் ஓடினார். மேலாளர் கூட்டத்தில் இருந்தார், கதவுக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. மின்சார அறைக்கு ஓடினார், மொத்தத்தையும் அணைத்துவிடலாம் என்று. வாசலில் இரண்டு எலெக்ட்ரீஷியன்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து மரியாதையாக வணக்கம் வைத்தார்கள். வழியை மட்டும் விடவில்லை.

முற்றத்தில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. என்ஜின் ஓடியபடி. யார் கூப்பிட்டது என்று டிரைவரைக் கேட்டார். பத்தரைக்கே வந்துவிட்டோம் சார், பதினொன்றே முக்கால் கேஸ்தானே என்றார் அவர்.

பதினொன்று நாற்பது.

இரண்டாம் கூடம். வெயில் மேற்கூரைக் கண்ணாடி வழியாகப் பட்டை பட்டையாக விழுந்தது. அட்டைத்தூள் அதில் மிதந்தது. பெரிய பஞ்சிங் மிஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மேலே அச்சு, அதில் விளிம்பெல்லாம் கத்தி. கீழே பலகை. பலகையைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

மச்சினன் பக்கத்தில் நின்றான். மேஸ்திரி அவனுடைய வலது சட்டைக்கையை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. முழங்கைக்கு மேல் ஒரு துணியை இறுக்கிக் கட்டினார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான்.

கட்டம் சார் பாய்ந்தார். யாரோ பிடித்தார்கள். அடித்து உதைத்து, கடித்து, திமிறினார். அவர் முழங்கை ஒருவருடைய மூக்கில் பட்டது, எலும்பு நொறுங்கியது தெரிந்தது. அந்த ஆள் கோபித்துக்கொள்ளவில்லை. இரத்தம் உதட்டில் ஓட ஓட, "பார்த்து சார், கீழ விழுந்திடுவீங்க" என்றார். நாலு பேர். ஆறு பேர். எல்லாம் தெரிந்த முகங்கள். படியில் கட்டம் கேட்கிறவர்கள்.

"என் கையை எடுத்துக்கோங்க. எழுதினது நான்தானே. என்னுதை எடுங்க."

"உங்க நம்பர் வரலையே சார்."

பதினொன்று நாற்பத்துமூன்று. மச்சினன் கையைப் பலகைமேல் வைத்தான். உள்ளங்கை மேலே பார்க்க. மேஸ்திரி அதைப் பிடித்து, அரை அங்குலம் நகர்த்தி, நேராக்கினார்.

"ஏன்?" கட்டம் சார் கத்தினார். "மேஸ்திரி, உங்க பிள்ளை மாதிரி இருக்கானே. ஒரு தப்பான மெயில். தப்புன்னு நானே எழுதிட்டேனே. அப்புறமும் ஏன்?"

தயாராக வந்து நின்ற நர்ஸம்மா கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். பாதுகாப்பு அதிகாரி கைப்பேசியைப் பார்த்தார். மேஸ்திரி மட்டும் திரும்பி, கட்டம் சாரின் கண்ணைப் பார்த்தார். மிஷினை இயக்கும் மிதிகட்டையின்மேல் அவர் கால் இருந்தது. குரல் உயரவில்லை.

"இருபத்திரண்டு வருஷம் சார். ஒரு மாசம் விரல், ஒரு மாசம் கை. நீங்கதான் கணக்கு வச்சிருப்பீங்களே. யாரோடதுன்னு தெரியாது. காலையில உள்ள வரும்போது நானூறு பேரும் அவங்கவங்க கையைப் பார்த்துக்கிட்டேதான் வருவோம். இப்ப நாலு மணிக்குத் தெரிஞ்சிடுது. மத்தவங்க நிம்மதியா வேலை செய்றோம்."

"அப்ப மாசத்துக்கு ஒண்ணு. இப்ப தினம் ஒண்ணு போகுதே."

"ஆமா சார்," என்றார் மேஸ்திரி. "கை மாசத்துக்கு ஒண்ணுதான் போச்சு. பயம் தினமும் இருந்துச்சு."

மிதித்தார்.

இரண்டு கூடங்களிலும் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு தலைகூட நிமிரவில்லை. கத்திகளுக்கு அடியில் எழுநூற்றுச் சொச்சம் கைகள் போவதும் வருவதுமாக இருந்தன, வேகமாக, லேசாக, பார்க்காமலே. யாரோ ஒரு பெண் வேலை செய்தபடி மெல்ல முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.